உள்ளான் குளத்தில் நெளிந்த மனிதன்

பதுளைச் சிறைச்சாலை மதில் ஓரமாக வள்ளியம்மை அன்றும் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் புருஷன் ரெங்கசாமி. மறுநாள் காலை பெரிய கோர்ட்டு கூடுகிறது. கூடினால் தூக்குத்தான் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு.

விசாலாட்சி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"வீட்டுக்குப் போகலையா, வள்ளி?"

"எந்த வீட்டுக்குங்க? தோட்டத்து லயத்துல நாங்க இருந்த காம்பிராவக் கங்காணி பூட்டிட்டாரு. கொலகாரன் பொண்டாட்டிக்கு எடமில்லையாம்." வள்ளியம்மை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு செய்யலம்மா. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நான் நம்பி என்ன ஆகப்போகுது? கோர்ட்டு நம்பணும். இன்னிக்குப் பொழுது இருக்கு. பார்க்கறேன்."

"ஒண்ணும் கெடைக்கலேன்னா?"

விசாலாட்சி வண்டியில் ஏறிக்கொண்டாள். மாட்டைத் தட்டிவிட்ட ஜௌபர் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, பொய்யாவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பொய் நீ சொல்லு. உன் வாய்தான் கூலி கேக்காம வேலை செய்யுது."

இந்தப் பக்கத்தை நடுவில் திறந்தவர்கள் யாராவது இருப்பீர்கள், கண்ணுகளா. உங்களையும் ஏற்றிக்கொண்டுதான் வண்டி போகும். விசாலாட்சி பதுளைக் கடைவீதியில் அரிசிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து விதவை. காணாமற்போன நகை, காணாமற்போன ஆள் என்று தேடிக் கொடுக்க ஆரம்பித்து, வக்கீல்மார் பின்வாசல் வழியாக வந்து யோசனை கேட்கும் அளவுக்கு வளர்ந்தவள். ஜௌபர் அவளுடைய வண்டிக்காரன். மாட்டுக்குப் பூட்டிய மூக்கணாங்கயிற்றை இவன் நாக்குக்குப் பூட்டியிருக்க வேண்டும் என்பாள். ஆனாலும் அவன் இல்லாமல் எங்கும் போகமாட்டாள்.

வழக்கு இதுதான். நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு சின்னக் குளம். பனிக்காலத்தில் அங்கே உள்ளான் பறவைகள் வந்து இறங்கும்; ஈர்க்குச்சிக் கால்களும் ஊசி மூக்குமாகக் கரைச்சேற்றைக் கிளறிக்கொண்டு திரியும். தண்ணீரில் விழும் பிம்பத்தோடு அவற்றைப் படம் பிடித்துத் தரும்படி தோட்டத்துத் துரை, பதுளைப் போட்டோக்காரர் வைரவநாதனிடம் கேட்டிருந்தார்.

போன மாதம் ஒரு காலைப்பொழுது. குளக்கரை நடுவில் இருக்கும் மதகில் கணக்கப்பிள்ளை மயில்வாகனம் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒருவன் ஓடிவந்து அவரை மூங்கில் கம்பால் அடித்தான். அவர் தண்ணீரில் விழுந்தவர் எழவில்லை. அதைப் பார்த்தது ஒரே ஒருத்தி, வைரவநாதனின் மனைவி சந்திரகாந்தி. எதிர்க்கரையில் படப்பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு முகம் தெரியவில்லை. அவன் இடது பக்கமிருந்து வந்து இடது பக்கமே ஓடினான் என்று மட்டும் அடித்துச் சொன்னாள்.

இடது பக்கம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதை. அந்நேரம் அந்தப் பாதையில் கம்பளியோடு வந்தவன் ரெங்கசாமி. முதல்நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், முழுநாள் வேலைக்கு அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றவனும் அவன்தான். வலது பக்கம் வண்டிப்பாதை. அங்கே போட்டோக்காரரின் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

ஆக, ஒரு பெண் நீட்டிய இடது கை ரெங்கசாமியின் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது.

"ஜௌபர், இன்னிக்கு நீ படம் பிடிச்சுக்கப் போற" என்றாள் விசாலாட்சி.

"எதுக்கு? என் பொண்டாட்டி ஸுபைராவுக்கு நெசத்துல இருக்குற மூஞ்சியே போதுமாம். ரெண்டாவதா ஒண்ணு வேணாம்பா."

"அந்த அம்மாவோட நான் தனியாப் பேசணும். அதுவரைக்கும் வைரவநாதன் உன்னை விட்டு நகரக்கூடாது."

"அப்படிச் சொல்லுங்க. அழகுக்காக இல்ல, தூண்டில் புழுவா."

போட்டோக் கடையின் மேற்கூரையில் பாதி கண்ணாடி. வெளிச்சம் சாம்பல் நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. வைரவநாதன் ஒல்லியான மனிதர். படம் கழுவும் மருந்து பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். சுவரெங்கும் பறவைப் படங்கள். ஒவ்வொரு பறவையின் காலடியிலும் இன்னொரு பறவை, கால்மாட்டில் ஒட்டிப் பிறந்ததுபோல.

"எது பறவை, எது நிழல்னு தெரியலையே!" என்றான் ஜௌபர்.

"அப்படித் தெரியாம இருந்தாத்தாங்க அது படம்." வைரவநாதன் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி. "காத்து எழும்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம்தான் தண்ணி கண்ணாடியாட்டம் நிக்கும். ஒரு எலை விழுந்தாலும் போச்சு."

"இதெல்லாம் இந்த வருஷத்துப் படமா?" என்று விசாலாட்சி கேட்டாள்.

மலர்ச்சி அணைந்தது. "போன வருஷத்துது. இந்த வருஷம் ஒண்ணுகூட அமையல."

அவர் ஜௌபரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை ஆடாமலிருக்கப் பின்னாலிருந்த இரும்புக் கவையைப் பிடரியில் பொருத்தினார்.

"என்னங்க இது, படம் பிடிக்கவா, பல்லுப் புடுங்கவா?"

"வாயை அசைக்கக்கூடாது."

"அதுக்கு நீங்க வேற இரும்பு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு விசாலாட்சி உள்ளே போனாள்.

சந்திரகாந்தி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் கை நின்றது.

"எல்லாத்தையும் போலீசுல சொல்லிட்டேங்க."

"சொல்லாததக் கேக்கத்தாம்மா வந்தேன்."

விசாலாட்சி பலகையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவில்லை. சந்திரகாந்தியே பேசினாள்.

"எப்பவும் கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல். அதனால என்னைக் கூட்டிட்டுப் போனாரு. பெட்டியை நிறுத்தி, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியப் பார்க்கச் சொல்லி, கறுப்புத் துணிய எம்மேல போட்டாரு. 'பறவைங்க நடுவுல வந்ததும் கூப்புடு, நான் வண்டிக்குப் போயி படத்தகடு எடுத்துட்டு வர்றேன்'னு போனாரு."

"அதுக்கு முன்னாடி அந்தப் பெட்டிக்குள்ள பார்த்திருக்கியா?"

"தொட்டதே இல்லீங்க."

"அப்ப, கொலையை நீ நேராப் பார்க்கல. கண்ணாடியிலதான் பார்த்த."

"கண்ணாடின்னா என்ன, பளிச்சுன்னு தெரிஞ்சுதே. துணியிலயிருந்து சிக்கெடுத்து நான் வெளிய வந்தப்ப அவன் போயிட்டான். மூடுபனியும் தண்ணிச் சுழலுந்தான் இருந்துச்சு."

"பறவை எப்படி நின்னுச்சு?"

"அழகா நின்னுச்சு. மேல பறவை நிமிர்ந்து, கீழ நிழல் தலைகீழா. எல்லாம் சேர்ந்து இடது பக்கமிருந்து அடி அடியா மேஞ்சுக்கிட்டு நடுவுக்கு வந்துச்சு."

"அப்புறம்?"

சந்திரகாந்தி துருவலைக் கையால் குவித்தாள், கலைத்தாள், மறுபடி குவித்தாள்.

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிறவனக் கழுத்துல இரும்பு மாட்டி உக்கார வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சொல்லு."

"அது மனுஷன் இல்லீங்க." குரல் தாழ்ந்தது. "கணக்கப்பிள்ளை கையை ஓங்கித் தண்ணியில எதையோ வீசினாரு. பறவையெல்லாம் எழும்பிப் போச்சு. ஒடனே இடது பக்கமிருந்து அந்தக் கம்பளி ஆளு ஓடியாந்தான். அவன் ஒடம்பு நெளிஞ்சுச்சுங்க! எலும்பே இல்லாத மாதிரி. கணக்கப்பிள்ளையும் நெளிஞ்சாரு, மதகுக் கல்லும் நெளிஞ்சுச்சு. கீழ தலைகீழா இருந்த நிழல் மட்டும் நெளியல. தெளிவா, அப்படியே இருந்துச்சு. ஆளு நெளிஞ்சு நிழலு நெளியாம இருந்தா அது என்னங்க? பேய்தானே?"

"இதை ஏன் போலீசுல சொல்லல?"

"அவருதான் வேணாம்னாரு. பைத்தியம்னு சொல்லிருவாங்க, பக்கத்த மட்டும் சொல்லுன்னாரு."

விசாலாட்சி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சந்திரகாந்தியும் எழுந்துவிட்டாள்.

"என்னங்க?"

"என்கூட வாம்மா. ஒண்ணு பார்த்துட்டு வந்துரலாம்."

முன்கட்டில் ஜௌபர் கற்சிலைபோல இருந்தான், வாயைத் தவிர. விசாலாட்சி கேட்காமலேயே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கேன்க்கா?"

"தலைகீழா."

"ஸுபைராவும் அதேதான் சொல்லுறா."

"பெட்டி எல்லாத்தையும் அப்படித்தாங்க காட்டும்" என்றார் வைரவநாதன். "பழகிட்டாச் சரியாப் போயிரும்."

"உங்க வீட்டம்மா, பறவை நிமிர்ந்து நின்னுச்சுங்கறாங்களே."

படத்தகடு செருக இருந்த அவர் கை அந்தரத்தில் நின்றது. "அவளுக்கு என்ன தெரியும்? பயத்துல ஏதாவது சொல்லுவா."

"நிமிர்ந்துதாங்க நின்னுச்சு!" என்றாள் சந்திரகாந்தி. "கண்ணால பார்த்தேனே."

விசாலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஐயா, படம் கழுவற அகலத் தட்டு ஒண்ணு குடுங்க. தண்ணி ஊத்தி. அந்தக் கிளிப் பொம்மையையும் எடுத்துக்கறேன்."

சின்னப்பிள்ளைகளைப் படம் பிடிக்கும்போது சிரிக்கவைக்க வைத்திருந்த கிளி அது. படப்பெட்டியின் முன் மேசையில் தண்ணீர்த் தட்டு வைத்தாயிற்று. தட்டின் மறுகரையில் கிளி. தண்ணீர் அசையாமல் நின்றதும் சந்திரகாந்தி துணிக்குள் போனாள்.

"கிளி எப்படி இருக்கு?"

"நிமிர்ந்து இருக்கு. கீழ நிழல் தலைகீழா."

"இதென்ன அநியாயம்!" என்றான் ஜௌபர், கழுத்தைத் தடவிக்கொண்டே. "மனுஷன் தலைகீழு, பொம்மை நேரா?"

"கிளிக்குத் தண்ணி இருக்கு. உனக்கு இல்ல. போயி, கிளிக்கு இந்தப் பக்கமா நின்னு, மெதுவாக் கையை நீட்டிக் கிளியைத் தொடு."

அவன் கை நீண்டது.

"கை எந்தப் பக்கமிருந்து வருதும்மா?"

"இடது பக்கமிருந்து."

"துணிய எடுத்துட்டுப் பாரு."

சந்திரகாந்தி வெளியே வந்தாள். ஜௌபர் கிளிக்கு வலது பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

இதை நிதானமாக மனதில் வைத்துப் பாருங்கள், கண்ணுகளா. அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன். பெட்டியின் கண்ணாடி எதையும் தலைகீழாக்கும், இடத்தை வலமாக்கும். தண்ணீரும் தன்மேல் விழுவதைத் தலைகீழாக்கும். ஆக, தண்ணீரில் தலைகீழாக விழுந்த பிம்பம் பெட்டிக்குள் போய் இன்னொரு முறை கவிழ்ந்து, நிமிர்ந்து நின்றுவிடுகிறது. நிஜப் பறவையோ கீழே தலைகீழாகக் கிடக்கிறது. புதிதாகப் பார்க்கிறவள் நிமிர்ந்ததை நிஜம் என்றுதானே எடுத்துக்கொள்வாள்? காட்டையோ வீட்டையோ பார்த்திருந்தால் பெட்டி கவிழ்த்துக் காட்டுவது உடனே தெரிந்திருக்கும். அசையாத தண்ணீரைப் பார்த்ததால் தெரியவில்லை. ஆனால் இடம் வலம் மாறியதை எதுவும் திருப்பித் தரவில்லை.

"இன்னொரு தடவை பாரும்மா" என்றாள் விசாலாட்சி. அவள் துணிக்குள் போனதும் தட்டுத் தண்ணீரை விரலால் லேசாகத் தொட்டாள்.

 துணிக்குள்ளிருந்து மெல்லிய குரல்: "மேல இருக்குற கிளி நெளியுதுங்க. கீழ இருக்குறது நெளியல."

"நீ பார்த்தது பேய் இல்ல. நெளிஞ்சது தண்ணி."

"யா அல்லாஹ்!" ஜௌபர் துள்ளினான். "அப்ப அவன் வந்தது வலது பக்கமிருந்து! ரெங்கசாமி தப்பிச்சான்! இனி வலது பக்கம் எவன் இருந்தான்னு பிடிச்சாப் போதும். அங்க இருந்தது ஒரே ஒரு வண்டி…"

அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. அவன் வாழ்நாளில் அப்படி நடந்தது மிக அபூர்வம்.

வைரவநாதன் தட்டின் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீர் ஆடாமல் நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெட்டியில பார்த்துப் பார்த்தே தலை நரைச்சவர் நீங்க" என்றாள் விசாலாட்சி. "உங்க சம்சாரம் இடதுன்னு சொன்ன நிமிஷமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வாயைத் திறக்கல. நெளிஞ்ச கதையை வெளிய சொன்னா எவனாவது யோசிப்பான்னு அதையும் மூடினீங்க."

"வலது பக்கம் யாரு வேணா வந்திருக்கலாமே" என்றார் அவர், குரல் உயராமல்.

"வரலாம். ஆனா உள்ளான் ஒரு கூட்டமா, ஒரே பக்கமிருந்து, நேரா நடுவுக்குத் தானா வராதுங்க. யாரோ பின்னாடி இருந்து பதமா ஒதுக்கியிருக்கணும். தோட்டத்து ஆளுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகின பறவை, கம்பளி போர்த்தின ஆளுக்குப் பயப்படாதுன்னு தெரிஞ்சவர். கையில ஒரு மூங்கில் கம்பு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கணக்கப்பிள்ளை மேல தோட்டத்துல பாதிப் பேருக்கு ஆத்திரம். ஆனா அந்த ஆளு ஓடி வந்தது, கல்லு தண்ணியில விழுந்தப்புறம். தண்ணி கலங்கினதுக்காக ஒருத்தனை அடிக்கற ஆளு அந்த மலையில எத்தனை பேரு?"

சந்திரகாந்தி புருஷனைப் பார்த்தாள்.

"வண்டிக்குப் போறேன்னீங்களே."

"போனேன் காந்தி." வைரவநாதன் உட்கார்ந்தார். "போற வழியில பார்த்தேன், பறவையெல்லாம் ஓரமா இருந்துச்சு. கொஞ்சம் ஒதுக்கிவிட்டா நடுவுக்கு வந்துருமேன்னு வண்டியில கிடந்த கம்பளிய எடுத்துப் போட்டுக்கிட்டேன். நீ கூப்பிட்டதும் ஓடியாந்துரலாம்னுதான்…" அவர் சொல்வதை நிறுத்திவிட்டுக் கறுத்த விரல்களைப் பார்த்தார். "பருவம் முழுக்க அவன் கல்லெறிஞ்சான். நான் தண்ணிக்கு எதிர்ல மணிக்கணக்கா உக்காந்திருப்பேன். அவன் பார்த்துக்கிட்டே இருந்து, சரியா அமையற நேரத்துல எறிவான். எறிஞ்சுட்டுச் சிரிப்பான். அன்னிக்குத் தண்ணி நின்ன மாதிரி என் ஆயுசுல நின்னதில்ல. ஒரு அடிதான் அடிச்சேன். அவன் விழுந்தப்பவும் நான் தண்ணியைத்தான் பார்த்தேன், எப்ப அடங்கும்னு."

கூரைக் கண்ணாடியில் மழை தூற ஆரம்பித்தது.

"ரெங்கசாமி?" என்று கேட்டாள் விசாலாட்சி.

"அவன் பேரு வரும்னு நான் நினைக்கல."

"வந்தப்புறம்?"

 அவர் மனைவி பக்கம் திரும்பினார். "காந்தி, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசு."

அவள் அவரிடமிருந்து விலகி நின்றாள். விசாலாட்சிதான் அவளருகே போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "கேளும்மா. நாளைக்கு நீ பக்கத்த மட்டும் மாத்திச் சொன்னாப் போதும், அந்தப் பையன் வெளிய வந்துருவான். உன் வீட்டுக்காரர் பேரை உன் வாயால சொல்லணும்னு உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

சந்திரகாந்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்க வண்டியில எனக்கு எடம் இருக்கா?"

ஜௌபர் எதிர்க்கடை மொஹிதீனைக் கூப்பிட்டுப் போட்டோக்கடை வாசலில் நிறுத்தினான். வாசலை அடைக்கக் கதவு தேவையில்லாத உடம்பு அவருக்கு. போலீசுக்கும் ஆள் போயிற்று. வைரவநாதன் எழுந்து ஓடவில்லை. வண்டி திரும்பும்போது அவர் அதே நாற்காலியில், மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"எங்கம்மா போகணும்? ஸ்டேஷனுக்கா?" என்று ஜௌபர் கேட்டான்.

"ரெங்கசாமி சம்சாரம் எங்க இருக்கோ, அங்க" என்றாள் சந்திரகாந்தி.

ஜௌபர் மாட்டைச் சிறைச்சாலைப் பக்கம் திருப்பினான்.

மழைக்கு மதிலோடு ஒட்டிக் குந்தியிருந்தாள் வள்ளியம்மை. வண்டியிலிருந்து இறங்குவது யார் என்று அடையாளம் தெரிந்ததும் விறுக்கென்று எழுந்தாள். சின்னக் கோர்ட்டு விசாரணையில் கை நீட்டிய பெண்ணை அவள் மறந்திருப்பாளா?

"இன்னும் என்ன பாக்க வந்த? தொங்கறதையா?"

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் சந்திரகாந்தி. "வந்தவன் உன் புருஷன் வந்த பக்கத்துலயிருந்து வரல. நாளைக்கு அதைச் சொல்லிருவேன். அவரு வீட்டுக்கு வந்துருவாரு."

 வள்ளியம்மை மதிலைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் ஓடியது மழையா கண்ணீரா என்று அவளுக்கே தெரிந்திராது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. திரும்பியதும் கோபமும் திரும்பியது.

"அப்ப செஞ்சது எவன்?"

விசாலாட்சி ஒரு எட்டு முன்னே வைத்தாள். "அத நாளைக்கு…"

"என் வீட்டுக்காரர்" என்றாள் சந்திரகாந்தி.

மழை வலுத்தது. ஜௌபர் வண்டியிலிருந்த சாக்கை எடுத்துவந்து, யார் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

வள்ளியம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்காகத் தூக்கிய கை பாதியில் தாழ்ந்தது.

"இத எல்லாரு முன்னாடியும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சொல்லிட்டு எங்க போவ?"

சந்திரகாந்தி மதிலோரமாக அவள் பக்கத்தில் போய் நின்றாள். எதையும் கண்டுபிடிக்கத் தெரிந்த விசாலாட்சி, சாக்கை வாங்கி இருவர் தலைக்கும் பிடித்தாள்.